காலஞ்சென்ற பெரிலைத் தேடி ஹெலன்ஸ்பர்க்

காலை எட்டரை மணிக்கு மெல்பேர்ண் சதர்ன் குறொஸ் நிலையத்திலிருந்து சிட்னி ரெயில் புறப்பட்டது. விமானத்தில் போனால் ஒன்றரை மணித்தியாலம் போதும். ரெயிலில் பதினொரு மணித்தியாலத்துக்கு மேல். "விசர் பிடிச்சிட்டுதோ மாமா உங்களுக்கு?" என்று என் தங்கையின் மகள் சுகந்தி முதல்நாளே கேட்டுவிட்டாள். விசர் இல்லை. உயிரோடு இருக்கிற ஒரு மனுசியைச் செத்துப்போனவர் என்று ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டு, அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறவன் நான். அப்படிப்பட்டவனுக்கு ஒன்றரை மணித்தியாலம் காணாது.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நோபல் பார்க்கில் இருக்கிற எனக்கு, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு வாய்த்த தொண்டு மரண அறிவித்தல் எழுதுவது. எங்கள் சனத்தில் யார் கண்ணை மூடினாலும் தொலைபேசி எனக்குத்தான் வரும். "யாழ்ப்பாணம் இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், மெல்பேர்ணை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கி, யாருடைய மகன், யாருடைய கணவர், யாருடைய மைத்துனர் என்று ஒழுங்கு பிசகாமல் எழுதி, இணையத்தில் போடக் கொடுப்பேன். பிறகு முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டும் நானே. பெயர்தான் கல்வெட்டு, அன்றைய சாப்பாட்டோடு வந்தவர்கள் கையில் கொடுக்கிற சின்னப் புத்தகம் அது. உள்ளே தேவாரம், படம், குடும்ப வரலாறு.

சுகந்தியின் கணவன் பீற்றர் வெள்ளைக்காரன். அவனுடைய தகப்பன் டெனிஸ் கோப்லி, மனைவி போன பிறகு ஒன்பது வருடம் கிரெய்கிபர்னில் மகனோடும் மருமகளோடும் இருந்தார். கையால் இடியப்பம் சாப்பிடுவார். எங்கள் வீட்டுக் கொண்டாட்டங்களில் மூலைக் கதிரை அவருக்குத்தான். எண்பத்தாறு வயதில் அவர் காலமானபோது, "என்ர மாமனாருக்கும் எல்லாம் செய்யவேணும், நீங்கள்தான் எழுதவேணும்" என்று சுகந்தி அழுதாள். இங்கிலாந்துக்காரருக்கு நான் எழுதிய முதல் அறிவித்தல் அது. லிங்கன்ஷயரில் ஓர்ம்ஃபீல்ட் என்ற கிராமத்தில் பிறந்தவர். தாய் தகப்பன் பெயர் பிறப்புச் சான்றிதழில் இருந்தது. கூடப் பிறந்தவர்கள்?

"பெரில் எண்டு ஒரு தங்கச்சி. நான் கண்டதில்லை. அப்பா அவவைப் பற்றிக் கதைக்கமாட்டார்" என்று பீற்றர் ஆங்கிலத்தில் சொன்னான்.

உயிரோடு இருக்கிறாரா என்று ஒரு கேள்வி. அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எண்பதைக் கடந்திருப்பார் என்று ஒரு கணக்குப் போட்டேன். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது, அதையும் ஒளிக்கமாட்டேன். தங்கச்சி உயிரோடு இருக்கிறா என்று போட்டால், அவ செத்தவீட்டுக்கு வரவேணும். வராவிட்டால் மண்டபம் முழுக்க ஒரே கேள்வியாக இருக்கும். பீற்றருக்குத் தலைகுனிவு. பேசாமல் "காலஞ்சென்ற பெரிலின் அன்புச் சகோதரருமாவார்" என்று முடித்தேன். ஒரு சொல்லில் எல்லாம் துப்புரவாகிவிட்டது.

ஒன்பதாம் நாள் தொலைபேசி வந்தது. தர்சினி என்று ஒரு பிள்ளை, சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பர்க் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாளாம். இணையத்தில் அறிவித்தல் பார்த்திருக்கிறாள்.

"அங்கிள், குறை நினைக்காதேங்கோ. ஓர்ம்ஃபீல்டில பிறந்த பெரில், தகப்பன் வில்லியம் கோப்லி... நீங்கள் காலஞ்சென்ற எண்டு போட்ட ஆள் இப்ப எனக்கு முன்னால இருந்து ரீ குடிக்கிறா."

அட கடவுளே! கையில் இருந்த கண்ணாடி நழுவிக் கீழே விழுந்துவிட்டது.

ரெயில் பகல் பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னே ஆல்பரியை அடைந்தது. ஊருக்குள் நுழையும்போது மறே ஆறு கலங்கிய தேநீர் நிறத்தில் கிடந்தது. எனக்குப் பக்கத்து இருக்கையில் வாகா வாகாவுக்குப் போகும் ஒரு விவசாயி. என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டார். ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தின் வரலாறு என்றேன். "பெரிய குடும்பமா?" என்றார். "இல்லை, சாதாரணம்." "சாதாரணக் குடும்பத்துக்கு என்ன வரலாறு?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல கேள்விதான். என் கொப்பியில் அதுவரை ஒரு வசனம்தான் இருந்தது: நீர்வளமும் நிலவளமும் ஒருங்கே அமைந்த ஓர்ம்ஃபீல்ட் என்னும் பதியிலே, புகழ்பூத்த கோப்லி குடும்பத்தில்... நான் எல்லோருக்கும் அப்படித்தான் தொடங்குவேன்.

அன்று டெனிஸ் காலமாகி இருபத்து நான்காம் நாள். இருபத்தேழாம் நாள் கல்வெட்டை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். பீற்றரையும் வரச்சொல்லி இரண்டு முறை கேட்டேன். "அப்பா வேண்டாமெண்ட ஆளைத் தேடி நான் ஏன் போகவேணும்?" என்றான்.

இரவு சிட்னியில் ஹோம்புஷில் ஒரு நண்பர் வீட்டில் தங்கி, மறுநாள் காலை எட்டு மணிக்குச் சென்ட்ரல் நிலையத்திலிருந்து தெற்கு நோக்கிப் போகும் ரெயிலில் ஏறினேன். நாற்பது கிலோமீற்றருக்கு மேல். கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம். புறநகர் வீடுகள் முடிந்து, இரண்டு பக்கமும் யூக்கலிப்டஸ் காடு. பிறகு ஒரு குகைப்பாதை. வெளியே வந்தால் ஹெலன்ஸ்பர்க். இறங்கியது நான் ஒருவன்தான். நிலையம் பள்ளத்தில், ஊர் மேட்டில். மழை தூறிக்கொண்டிருந்தது.

இந்த ஊருக்கு நான் எத்தனையோ தடவை வந்திருக்கிறேன். அவுஸ்திரேலியாவில் இருக்கிற தமிழருக்கு ஹெலன்ஸ்பர்க் என்றால் பெருமாள் கோயில். காரில் வருவோம், கும்பிடுவோம், கோயில் சாப்பாட்டுக் கடையில் வடையும் புளிச்சாதமும் சாப்பிடுவோம், போய்விடுவோம். இங்கே ஒரு ஊர் இருக்கிறது, நிலக்கரி தோண்டிய ஊர், மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற நினைப்பே வந்ததில்லை. டெனிஸையும் சுகந்தி இரண்டு தடவை கூட்டி வந்தாள். அவர் உள்ளே வரமாட்டார். கார் நிறுத்துமிடத்தில் குந்தியிருந்து வடை சாப்பிடுவார். அந்த இடத்திலிருந்து அவருடைய தங்கச்சியின் கட்டில் மூன்று கிலோமீற்றர்.

நிலையத்துக்கு வந்து என்னைக் காரில் ஏற்றிக்கொண்ட தர்சினியிடம் இதைச் சொன்னேன். முப்பது வயதுக்குள் இருக்கும், கிளிநொச்சிப் பிள்ளை. "காலமையில நல்ல தெளிவா இருப்பா, அங்கிள். மத்தியானம் திரும்பினாக் கொஞ்சம் தடுமாற்றம். கெதியாக் கதைச்சு முடியுங்கோ" என்றாள். பிறகு, "தமையன் செத்தது தெரியாமல் இருந்தவ. நான்தான் சொன்னனான்." என்றாள்.

ஒன்பதரை மணி. ஜன்னலோரக் கதிரையில் பெரில் இருந்தார். ஒடுங்கிய மனுசி. கை மாத்திரம் பெரிது, பாத்திரம் கழுவித் தேய்ந்த கை. அவர் பேசியது லிங்கன்ஷயர் ஆங்கிலம். எனக்கு அது எங்கள் ஊர்ப் பேச்சுப் போலவே கேட்டது, அப்படியே எழுதுகிறேன்.

"என்னைச் சாக்காட்டின ஆள் நீதானோ?"

"ஓம்." எழுதி வைத்திருந்த மன்னிப்பு வார்த்தை ஒன்றும் வரவில்லை. "பிழை விட்டிட்டன். கேட்டிருக்கவேணும். கேக்கேல்ல."

"இரு, இரு. இங்க வந்து சேர்ந்தண்டு படிவம் நிரப்பினவை. கூடப் பிறந்தவை ஆரும் உண்டோ எண்டு கேட்டவை. ஒரு அண்ணன், செத்திட்டான் எண்டு நானும்தான் சொன்னனான். அப்ப அவன் நல்லாய்த்தான் இருந்திருப்பான்." சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "உன்னில கோவிக்க எனக்கு வாயில்லை."

கொப்பியைத் திறந்து என் முதல் வசனத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொன்னேன். "நீர்வளமோ? தண்ணி படுக்கை அறைச் சுவரிலதான் இருந்தது" என்றார். "புகழ்பூத்த" என்பதற்கு இருமியே விட்டார். தர்சினி முதுகைத் தடவவேண்டியதாயிற்று.

பிறகு சொன்னார். நான் எழுதினேன்.

பூட்டன் வேலியடைத்து வாய்க்கால் வெட்டியவர். பாட்டனுக்குப் பண்ணைக் குதிரைகளைப் பார்க்கிற வேலை. தகப்பன் வில்லியம் மாட்டுக்காரர். காலை நாலரைக்கு எழும்பிப் பால் கறப்பார். நாலு தலைமுறையும் ஒரே வீடு. கீழே ஓர் அறையும் சமைக்கிற குசினியும், மேலே இரண்டு அறை. அந்தக் குடும்பத்தில் போருக்குப் போனவர்களைத் தவிர வேறு எவரும் பன்னிரண்டு மைலுக்கு அப்பால் போனதில்லை. போருக்குப் போன பாட்டனின் தம்பி திரும்பி வரவில்லை. ஊர்ச் சந்தியில் கல்லில் பெயர் இருக்கிறது. டெனிஸுக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தொண்டை அடைப்பான் வந்து ஒரே கிழமையில் போய்விட்டார்கள்.

"நாலு தலைமுறை இருந்த வீடு. ஆனால் எங்கட இல்லை" என்றார். "பண்ணைக்காரன்ர வீடு. மாட்டு வேலை செய்யிற வரைக்கும் இருக்கலாம். வேலை போனால் வீடும் போகும்."

எழுதிக்கொண்டிருந்த என் கை நின்றது. எங்களை ஆண்ட சாதி என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். வெள்ளைக்காரன் என்றால் எனக்கு அரசாங்கக் கச்சேரி, பங்களா, குதிரை. அந்த நாட்களிலேயே ஓர்ம்ஃபீல்டில் ஒரு குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு குசினிகூட இருக்கவில்லை. கொக்குவிலில் என் தாய்க்குச் சீதனமாகக் கொடுத்த ஓலைவீடாவது எங்கள் பெயரில் இருந்தது.

தகப்பன் நெஞ்சு வருத்தத்தில் செத்தபோது டெனிஸுக்கு இருபத்திரண்டு வயது, பெரிலுக்கு இருபது. பண்ணைக்காரர் கெட்டவர் இல்லை. மகன் மாட்டு வேலையை எடுத்தால் வீடு உங்களுக்கே, இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் புதிய மாட்டுக்காரனுக்கு விடவேண்டும் என்றார். டெனிஸ் அதற்கு முன்னமே, பத்துப் பவுண் கட்டினால் அவுஸ்திரேலியாவில் குடியேற்றுகிற அரசாங்கத் திட்டத்தில் கையெழுத்து வைத்துவிட்டான். ஒரு சனிக்கிழமை கப்பல். வியாழக்கிழமை வீடு விடவேண்டிய நாள். அன்று காலை அவன் சவுதாம்ப்டன் துறைமுகத்துக்குப் போய்விட்டான்.

"மேசையைக் கவிட்டு வண்டியில ஏத்தியாச்சு. அம்மா வண்டியில ஏறமாட்டன் எண்டிட்டா. கப்பல் சனிக்கிழமைதானே, மனம் மாறித் திரும்பி வருவான் எண்டு றோட்டில நிண்டா. மழை. பின்னேரம் வரைக்கும் நிண்டா." பெரில் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பிறகு சித்தி வீட்டுப் பின்னறை. ரெண்டு மாரிகாலம் கழிய அம்மா போயிட்டா. அவன் கடிதம் எழுதினவன். நான் பதில் போடேல்ல."

நான் எழுதுவதை விட்டுவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. வந்தது என்றே எழுதுகிறேன்.

பிறகு அவரும் இந்த நாட்டுக்கு வந்திருக்கிறார், இந்த ஊர்ச் சுரங்கத்தில் வேலை செய்த ஒருவரை மணந்து. அண்ணன் மெல்பேர்ணில் இருப்பது தெரியும். ஒரே ஒரு தடவை பஸ் ஏறிப் போய், அவர் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்திருக்கிறார். டெனிஸ் வீட்டுக்கு முன்னால் உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்தாராம். மனைவியின் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. "சொந்தக் காணியில நடுகிறான் எண்டு நினைச்சன். போய்க் கதைப்பம் எண்டுதான் போனனான். அதைப் பாத்த உடனே கால் எழும்பேல்ல. திரும்பி வந்திட்டன்."

"அந்தக் குழந்தைதான் பீற்றர்" என்றேன்.

"தெரியும். அதை ஒருக்கால் கிட்டப் பார்க்கவேணும். வேற ஒண்டும் வேண்டாம். நீ என்னை உயிரோட இருக்கிற ஆக்களோட சேர்த்துப் போடு. வாறானோ பாப்பம்."

பதினொன்றரைக்கு அவருக்குக் களைத்துவிட்டது. என்னிடம் நீ யார் என்று இன்னொரு தடவை கேட்டார். "போயிட்டு வாறன்" என்று சொல்லிக்கொண்டு எழும்பினேன்.

ரெயிலுக்குக் காத்திருந்தபடியே பீற்றருக்குத் தொலைபேசி எடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டான். "அவவுக்கு ஏதும் தேவையோ?" என்றான். "உன்னைப் பார்க்கவேணுமாம்." "வேலை நெருக்கம். முப்பத்தொண்டு முடியட்டும், பாப்பம்." எனக்கு வந்த ஆத்திரத்தில், "டேய், அது பாத்துக்கொண்டிருக்கிற வயசில்லையடா" என்று தமிழில் கத்திவிட்டேன். அவனுக்கு விளங்கியிருக்காது. ரெயில் மேடையில் என்னையும் மழையையும் தவிர வேறு ஆள் இல்லை.

முப்பத்தோராம் நாள். கிரெய்கிபர்னில் மண்டபம். கல்வெட்டில் "பெரில் (ஹெலன்ஸ்பர்க்)" என்று போட்டிருந்தேன். நீர்வளம், நிலவளம், புகழ் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, பெரில் சொன்னதைச் சொன்னபடியே ஒரு பக்கத்தில் எழுதியிருந்தேன். இவ்வளவு வருடத்தில் பொய் இல்லாமல் நான் எழுதிய முதல் குடும்ப வரலாறு அது. நான் அன்றைக்குப் பயந்த கேள்வி சோற்றுக்கு முன்னமே வந்துவிட்டது.

"தங்கச்சி உயிரோட இருக்கிறாவோ? ஹெலன்ஸ்பர்க்கோ? எங்கட கோயிலடியோ?" என்றார் ஒரு அன்ரி. "அப்ப ஏன் வரேல்ல? தம்பி பீற்றர், ஏன் நீங்கள் கூட்டிக்கொண்டு வரேல்ல?"

அவர் போனதும் இன்னொருவர். பிறகு ஒரு அங்கிள். எங்கள் சனத்தைத் தெரியும்தானே. கையில் பாயாசத்தோடு ஒவ்வொருவராக வந்து அவனிடம் கேட்டார்கள். கடைசியில் அவனைக் காணோம். வாசலுக்கு வெளியே கல்வெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தைப் பார்த்தபடி நின்றான். "எத்தினை மணித்தியால ஓட்டம், மாமா?" என்றான். என்னை அழைக்கிற அந்த ஒரு தமிழ்ச் சொல் அவனுக்குத் தெரியும்.

அதன்பிறகும் வேலை, காய்ச்சல், அது இது என்று மூன்று கிழமை போயிற்று.

ஒரு சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிரெய்கிபர்னிலிருந்து புறப்பட்டோம். அவன் ஓட்டினான். எண்ணூற்றைம்பது கிலோமீற்றர். வாங்கரட்டா தாண்டியதும் "அந்தப் பக்கத்தை வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றான். கல்வெட்டை விரித்து ஒவ்வொரு வசனமாக ஆங்கிலத்தில் சொன்னேன். மாட்டு வேலை, வீடு, வண்டி, றோட்டில் நின்ற தாய். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னான். கண்டகாயில் பெற்றோலுக்கு நிறுத்தியபோது, "அப்பா என்னைத் தோட்டத்தில கிழங்கு கிண்ட விடமாட்டார். தானேதான் செய்வார். இது என்ர நிலம், என்ர நிலம் எண்டு சொல்லிக்கொண்டே செய்வார். எனக்குச் சிரிப்பாய் இருக்கும்" என்றான். கோல்பர்னுக்குக் கிட்ட வீதி வேலை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றுவிட்டோம். வாகனம் நகராத ஒவ்வொரு நிமிசமும் நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் போய்ச் சேர மாலை நாலு மணி. தர்சினி வாசலிலேயே நின்றாள். முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. "ரெண்டு கிழமையா நல்லாய் இறங்கிட்டா, அங்கிள். இப்ப காலமையும் தெளிவில்லை. நாளைக்கு வாறீங்களோ, இல்லாட்டி..."

"இப்பவே" என்றான் பீற்றர்.

பெரில் கட்டிலில் இருந்தார். ஜன்னலோரக் கதிரை வெறுமையாக இருந்தது. நான் கதவோரம் நின்றுகொண்டேன். பீற்றர் கட்டிலருகே முட்டுக்காலில் இருந்தான். நரை விழத் தொடங்கிய தலை, டெனிஸின் அதே தாடை. பெரில் நெடுநேரம் பார்த்தார்.

"டெனிஸோ?"

பீற்றர் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மறுபடி அவர் பக்கம் திரும்பினான்.

"ஓம்."

"வேலையை எடுத்தியோ?"

"எடுத்திட்டன்."

"வீடு?"

"வீடு எங்களிட்டத்தான்" என்றான். "ஒருத்தரும் அதை விட்டு எழும்பத் தேவையில்லை."

அவர் கண்ணை மூடினார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். பிறகு அவருடைய பெரிய கை பீற்றரின் சட்டைக் கையைப் பிடித்தது.

"அப்ப ஏன் இங்க நிக்கிறாய்? போய் அம்மாவை உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு வா. எவ்வளவு நேரமா மழையில நிக்கிறா."

பீற்றர் எழும்பி, என்னைத் தாண்டி வெளியே போனான். நடைபாதையின் கோடிவரை போய், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் உள்ளே திரும்பிப் பார்த்தேன். பெரில் போர்வையை ஒதுக்கி, மெல்ல மெல்லச் சுவர்ப் பக்கமாக நகர்ந்து, கட்டிலில் இன்னொருவர் இருக்க இடம் விட்டுக்கொண்டிருந்தார்.